எண்ணூர் கடலோரத்தில் பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டை விடுமுறை வீடாக்குவது: ஓதம், கூரை, உப்புக்காத்து

#1 · கழிமுகத்துப்பெண்

எல்லாருக்கும் வணக்கம். எண்ணூர்ல கடலிலிருந்து சுமார் 250 மீட்டர் தள்ளி ஒரு பழைய வீடு. தரைத்தளம் மட்டும், 900 சதுர அடி. முன்னாடி திண்ணை, நடுவுல கூடம், ரெண்டு அறை, பின்கட்டு. சுவர் 14 அங்குலம், செங்கல்லும் சுண்ணாம்பும். கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டை மேல செங்கல்லும் சுண்ணாம்பும். பின்கட்டுல குடும்பம் குடியிருக்கும். முன்பக்கத்து ரெண்டு அறையை வாரக் கடைசியில தங்க வர்றவங்களுக்கு விடணும்.

இப்போ இருக்கிற நிலை: உள்சுவர்ல மூணரை அடி உயரம் வரைக்கும் ஓதம், அதாவது தரையிலிருந்து ஏறின ஈரம். நடுவுல யாரோ சிமெண்ட் பூசியிருக்காங்க, அது பாளம் பாளமா விழுது. கூடத்துல மழை ஒழுகுது. ஜன்னல் கம்பியெல்லாம் துரு. கான்ட்ராக்டர் சொல்றது: பழசைக் கொத்திட்டு வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல் கலந்த சிமெண்ட் பூச்சு, மேல புட்டி, எமல்ஷன், மொட்டை மாடியில ஒழுகுற இடத்துல இன்னொரு வரிசை தட்டோடு (மாடியில பதிக்கிற தட்டையான சுட்ட ஓடு). தை மாசம் ஆரம்பிச்சா மூணு மாசத்துல சாவி தர்றேன்னு சொல்றாரு. இது சரியா? எதை முதல்ல தொடணும்?

#2 · சுண்ணாம்புக்கரண்டி

அம்மா, அந்த வேலையை அப்படியே நிறுத்துங்க. அவர் சொன்ன மூணுமே வீட்டைக் கெடுக்கும்.

விழுந்த சிமெண்ட் பாளம் ஒண்ணை எடுத்துத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் வெள்ளையா, முடி மாதிரி ஊசி ஊசியா உப்பு நிக்கும். அது நின்ன இடத்துச் செங்கல்லை விரலால தேய்ச்சா சிவப்பு மாவாக் கொட்டும். தரையிலிருந்து ஏறுற தண்ணி உப்போட வருது. சுண்ணாம்புச் சுவர்னா அந்த ஈரம் முகத்துல காய்ஞ்சு வெளியே போயிடும். சிமெண்ட் அதை அடைச்சுடுது. ஈரம் இன்னும் மேல ஏறும், காயுற இடத்துல பூச்சுக்குப் பின்னாடி உப்பு பூக்கும். பூக்கும்போது பருத்துச் செங்கல் முகத்தைத் தள்ளி உடைக்கும். மூணரை அடிக்கு ஓதம் ஏறினதுக்கு அந்தச் சிமெண்டே பாதிக் காரணம்.

மீதிக் காரணம் வெளியே இருக்கும். நம்ம பக்கம் தெருவுக்குத் தார் மேல தார் போட்டு ரோடு ஏறிடுச்சு, வீடு இறங்கிடுச்சு. வீட்டுத் தரையையும் வெளி மண்ணையும் ரசமட்டக் குழாய் வெச்சுப் பாருங்க. வெளி மண் உயரமா இருந்தா உள்ளே எதைப் பூசினாலும் நிக்காது. சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணை எடுத்து, வீட்டுத் தரைக்கு அரையடி கீழே கொண்டு போங்க. அந்தப் பள்ளத்துல முக்கால் அங்குல ஜல்லி மட்டும் நிரப்புங்க. கான்கிரீட் போட்டு மூடிடாதீங்க, அந்த ஜல்லி வழியாத்தான் அஸ்திவாரம் காயணும். கூரைத் தூம்புத் தண்ணி அங்கேயே விழாம குழாய் வெச்சுத் தள்ளிக் கொண்டு போகணும்.

முதல்ல கூரை, கூடவே வெளிமண். அப்புறம் சுவரைத் திறந்து காயவிடறது. அழகு வேலை எல்லாம் கடைசி.

#3 · மணலி_சிவில்

சுண்ணாம்புக்கரண்டி அண்ணே, ஓதத்தைக் கீழேயே வெட்ட இப்போ வழி இருக்கே. தரைக்கு அரையடி மேல, கலவை இணைப்புல 12 மில்லி துளை, 120 மில்லிக்கு ஒண்ணு போட்டு தண்ணியைத் தள்ளுற சிலேன் கிரீம் ஏத்தினா தண்ணி மேல வராது. அதுக்கப்புறம் சிமெண்ட் பூசினா என்ன?

#4 · சுண்ணாம்புக்கரண்டி

தம்பி, அந்த முறை பொய்யில்லை. துளை போடுற வரிசை ஒரே மட்டமா, கலவை இடைவெளி இல்லாம இருந்தா வேலை செய்யும். பழைய 14 அங்குலச் சுவர்ல நடுவுல துண்டுக் கல்லும் காலியிடமும் இருக்கும். கிரீம் அந்தப் பொந்துக்குள்ள இறங்கிடும், வரிசை அறுந்துடும். இன்னொண்ணு, அது இனிமே ஏறுற தண்ணியைத்தான் தடுக்கும். ஏற்கெனவே சுவருக்குள்ள இருக்கிற உப்பு அங்கேயேதான் இருக்கு. கடல்காத்து ஈரத்தை உப்பு தானே இழுத்துக்கும். சிமெண்ட் பூசினா மறுபடி அதே கதை.

உப்பை வெளியே எடுக்கணும். முறை இது. ஓதக் கோட்டுக்கு ஒரு அடி மேல வரைக்கும் சிமெண்டைக் கையுளி வெச்சு எடுங்க. பிரேக்கர் மெஷின் வேண்டாம், செங்கல் அதிர்ந்து கலவை விட்டுடும். இணைப்புகளை முக்கால் அங்குல ஆழம் சுரண்டுங்க. காய்ஞ்ச பிரஷ்ஷால உப்பைத் தட்டிக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்க. தண்ணி விட்டுக் கழுவக் கூடாது, கழுவினா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளே போகும். அப்புறம் பழைய நியூஸ் பேப்பரை நல்ல தண்ணியில ஊறவெச்சுக் கூழாக்கி, கொஞ்சம் களிமண் சேர்த்து அரை அங்குலம் கனத்துக்குச் சுவர்ல அப்புங்க. அது காயும்போது சுவருக்குள்ள இருக்கிற உப்பைத் தன்கிட்ட இழுத்துக்கும். சுருங்கி விட்டதும் எடுத்துப் போட்டுட்டு மறுபடி. ரெண்டு மூணு தடவை. எடுத்த கூழைக் கொஞ்சம் நல்ல தண்ணியில கரைச்சு கரைஞ்ச உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர்ல பாருங்க. ஒவ்வொரு தடவையும் அதே அளவு கூழ், அதே அளவு தண்ணி இருக்கணும். எண் குறைஞ்சுக்கிட்டே வந்து நின்னதும் சுண்ணாம்புப் பூச்சுக்குப் போகலாம்.

அளவு கேட்பீங்க. 100 சதுர அடிக்கு ரெண்டு கோட் சேர்ந்து ஒரு அங்குலம்னா நனைஞ்ச கலவை சுமார் எட்டு கன அடி. காய்ஞ்ச பொருளா 11 கன அடி எடுக்கணும். 1க்கு 3 போட்டா சுண்ணாம்பு இரண்டே முக்கால், மணல் எட்டே கால். கடல் மணல் ஒரு கைப்பிடி கூடக் கலக்கக் கூடாது, அலசினாலும் வேண்டாம். பூச்சுக்குன்னு விக்கிற எம்-சாண்டைச் சலிச்சு வாங்குங்க. சுண்ணாம்பு நீத்து (தண்ணி ஊத்தி வேகவெச்சு) குறைஞ்சது 15 நாள் தொட்டியில தண்ணிக்குள்ள கிடக்கணும். அவசரப்பட்டா நீக்காத கட்டி உள்ளே இருந்து, பூசின பிறகு வெந்து புள்ளி புள்ளியாத் தெறிக்கும். கடுக்காய், வெல்லத் தண்ணி அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். சுவர்ல ஒரு சதுர அடி மாதிரி பூசி ஒரு வாரம் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

ஒரு கோட் அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நனைஞ்ச கோணி தொங்கவிட்டு ஏழிலிருந்து பத்து நாள் ஈரம் காக்கணும். சுண்ணாம்பு காத்துல இருக்கிற கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். சித்திரை வெயில்ல ஒரே நாள்ல உலர்ந்தா இறுகாம பவுடராத்தான் நிக்கும்.

கீழ் மூணு அடிப் பூச்சு நிரந்தரம்னு நினைக்காதீங்க. மிச்ச உப்பைத் தான் வாங்கிக்கிட்டு உதிர்றதுக்குத்தான் அது இருக்கு. சில வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பட்டையை மட்டும் எடுத்துட்டுப் பூசினா செங்கல் பிழைக்கும்.

#5 · தட்டோடு_ராயபுரம்

கூரைக்கு வர்றேன். ஒழுகுற இடத்துல இன்னொரு வரிசை தட்டோடு, இதுதான் எனக்கு ரொம்ப பயம் தர்ற வரி. மெட்ராஸ் டெரஸ் எப்படி நிக்குதுன்னு பாருங்க: கட்டை மேல சின்னச் செங்கல்லைக் குத்துவாக்குல, மூலைவாட்டமா வெச்சுச் சுண்ணாம்புல ஒட்டி, அது மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் அடிச்சு இறுக்கி, அதுக்கு மேல தட்டோடு. மொத்தச் சுமையும் கட்டைத் தலையில. ஒவ்வொரு ஒழுகலுக்கும் ஒருத்தர் ஒரு அங்குலம் சிமெண்ட் போட்டுட்டுப் போயிருப்பாங்க. ஒரு அங்குலம் சிமெண்ட் கலவை சதுர அடிக்கு சுமார் 5 கிலோ. 300 சதுர அடிக் கூடத்துல ரெண்டு அங்குலம் ஏறியிருந்தா 3 டன். கட்டை தொங்கும், தொங்கினா தட்டோடு இணைப்பு விரியும், அது வழியா ஒழுகும், மறுபடி சிமெண்ட்.

மாடியில ஒரு மூலையில ஒரு அடிக்கு ஒரு அடி திறந்து, எத்தனை அடுக்கு இருக்குன்னு அளந்து எழுதுங்க. பிறகு ஏத்தினதை எல்லாம் இறக்கணும். இறக்கும் முன்னாடி அடியில சாரம் கட்டி, ரெண்டடிக்கு ஒரு ஜாக்கி கொடுத்துடுங்க. மாடியில பிளாஸ்டிக் தண்ணித் தொட்டி இருந்தா முதல்ல அதை இறக்குங்க. ஆயிரம் லிட்டர்னா ஒரு டன். அதுக்குத் தனியா தரையிலிருந்து தூண் எழுப்பிக்கணும்.

கட்டையைச் சோதிக்க ஸ்க்ரூ டிரைவர் போதும். நடுவுல குத்தாதீங்க, சுவருக்குள்ள போற நுனியில குத்துங்க. அரை அங்குலம் வெண்ணெய் மாதிரி இறங்கினா அந்த நுனி போச்சு. சுத்தியால தட்டினா நல்ல தேக்கு கணீர்னு சொல்லும், செத்தது மொத்துனு கேட்கும்.

#6 · கழிமுகத்துப்பெண்

அண்ணே, பார்த்தேன். கூடத்துல 14 கட்டை. கடல் பக்கச் சுவர்ல ரெண்டு கட்டை நுனி கறுத்துப் போய் இறங்குது. மத்தது நல்லா இருக்கு. மேல ரெண்டே கால் அங்குலம் சிமெண்ட் ஏறியிருக்கு. கான்ட்ராக்டர் 14ஐயும் எடுத்துட்டு இரும்பு கர்டர் போட்டுடலாம்ங்கிறார்.

#7 · தட்டோடு_ராயபுரம்

ரெண்டு நுனி போனதுக்கு 14 தேக்கை ஏன் தூக்கணும்? அந்த வயசுத் தேக்கு இப்போ புதுசாக் கிடைக்காது. கெட்ட நுனியை நல்ல மரம் தெரியுற வரைக்கும், குறைஞ்சது ஒன்றரை அடி, சாய்வா வெட்டுங்க. பழைய வீடு இடிக்கிற இடத்திலிருந்து வாங்கின அதே கனத் தேக்கை அதே சாய்வுல ஒட்டுப் போட்டு, ரெண்டு பக்கமும் கால் அங்குலம் கனப் பட்டைத் தகடு வெச்சு நாலு போல்ட். தகடு ஹாட் டிப் கால்வனைஸ் பண்ணினது, போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரணக் கடையில கிடைக்கிற 304 ரகத்தைக் கொடுத்தா கடலோரத்துல டீக்கறை மாதிரி பழுத்துடும். தகடும் போல்ட்டும் வேற உலோகம், அதனால நடுவுல நைலான் வாஷர் போடுங்க.

கட்டை நுனியைச் சுவருக்குள்ள சிமெண்ட் வெச்சு அடைச்சதாலதான் அது அழுகிச்சு. புது நுனியைச் சுத்தி ஒரு அங்குலம் காத்து விட்டு, அடியில ஒரு கடப்பா துண்டு வெச்சு உட்கார வையுங்க. நுனி வெட்டுல போராக்ஸ் கரைசல் ரெண்டு தடவை. கர்டர் உள்ளே போனா உப்புக்காத்துல துரு பருத்துச் சுவரையே பிளக்கும்.

மேல அடுக்குக்குப் பொதுப்பணித்துறை அளவே சரி: செங்கல் ஜல்லி 32க்கு நீத்த சுண்ணாம்பு 12½, மணல் கிடையாது. ஜல்லி முக்கால் அங்குலம், முந்தின நாளே ஊறவெச்சது. விரிச்சதும் மரக் கட்டையால வரிசையா உட்கார்ந்து அடிக்கணும், கடுக்காய்த் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு. கட்டை பட்டுத் துள்ளித் திரும்புற வரைக்கும் அடி. மூணு நாளைக்குக் குறைஞ்சு அந்தப் பதம் வராது. வாட்டம் பத்தடிக்கு ரெண்டு அங்குலம். தூம்பு வாயில பொடிக்கல் சேராம வலை. தட்டோடு இணைப்புக்குச் சுண்ணாம்பும் செங்கல் பொடியும். பளபளன்னு ஒரு கெமிக்கல் கோட் அடிச்சா அடியில இருக்கிற ஈரம் கொப்புளம் விட்டு உரிச்சுடும்.

#8 · ஒயரிங்_தண்டையார்பேட்டை

அக்கா, சுண்ணாம்புச் சுவர்ல ஒயருக்குன்னு காடி வெட்ட விடாதீங்க. பூச்சுக்கு மேல பிவிசி கேசிங் கேப்பிங் போட்டு, ஜன்னல் நிலை ஓரமா, கட்டை அடியிலேயே கொண்டு போனா கண்ணுக்கு உறுத்தாது. இரும்பு ஸ்விட்ச் பெட்டி வேண்டவே வேண்டாம், பிவிசி பெட்டி. நம்ம ஊர்ல ஸ்விட்ச் டெர்மினல்ல பச்சை பூத்து, ஸ்க்ரூ இளகி, சூடேறிக் கருகுறதுதான் அதிகம். வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னாடி, மெயினை ஆஃப் பண்ணிட்டு எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கணும்.

மின்கசிவு வந்தா தானே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கண்டிப்பா. குளியலறைக்குத் தனியா ஒண்ணு, அங்கே ட்ரிப் ஆனா விருந்தாளி ஃபேன் நிக்கக் கூடாது. எர்த்துக்கு ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) தகடு உப்பு மண்ணுல சீக்கிரம் கரைஞ்சுடும், தாமிரம் பூசின ராடு போடுங்க. ஏசி வெளி யூனிட் மேற்குப் பக்கம், சுவர் மறைப்புல. செப்புக் காயில் வாங்குங்க. 15 நாளுக்கு ஒரு தடவை நல்ல தண்ணியால மெதுவா நனைச்சுக் கழுவினா போதும்.

இன்னொண்ணு. ஏசி போட்ட அறையைப் பூட்டிட்டு வாரம் முழுக்க மூடி வெச்சா சுவர் வேர்த்துப் பூஞ்சை வரும். ஆள் இல்லாத நாள்ல ஜன்னலைத் திறந்து ஃபேன் ஓடவிடுங்க.

#9 · வலைக்கயிறு

நான் வீட்டுக்கு வெளியே இருக்கிறதைச் சொல்றேன்.

தண்ணி. கடலோர மணலுக்கு அடியில மழைத்தண்ணி, உப்புத்தண்ணி மேல மிதந்து நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா அதுக்குக் கீழே சுமார் நாற்பது அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கலாம்னு கணக்கு. பெரிய மோட்டார் வெச்சு வேகமா இறைச்சா கீழே இருக்கிற உப்பு குடை மாதிரி மேல ஏறிடும். அப்புறம் இறங்க மாசக் கணக்காகும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீர் உப்பானது இப்படி அளவுக்கு மேல இறைச்சதாலதான். அரை எச்.பி. மோட்டார், காலையில 20 நிமிஷம், சாயங்காலம் 20 நிமிஷம், நடுவுல ஓய்வு. கலவைக்கும் கோணி நனைக்கவும் அந்தத் தண்ணி வேண்டாம், லாரித் தண்ணி வாங்குங்க.

மணல். வர்றவங்க கால்ல வர்ற மணல்தான் உங்க தரையையும் சாக்கடையையும் தின்னும். திண்ணைக்குக் கீழே ஒரு கால் கழுவுற குழாய், அதுக்கு அடியில ரெண்டுக்கு ரெண்டு அடி, ஒன்றரை அடி ஆழத் தொட்டி, வெளிக்குழாய் அதோட மேல் விளிம்புக்கு நாலு அங்குலம் கீழே. மணல் அடியில தங்கும், வாரம் ஒரு தடவை அள்ளிக் கொல்லையில போடலாம். செப்டிக் டேங்குக்கு உறிஞ்சுகுழி இங்கே வேலை செய்யாது, மழை மாசத்துல நிலத்தடி நீர் அதுக்குள்ளேயே வந்துடும். மூடி இறுகின டேங்க் வெச்சு லாரியில எடுக்கறதுதான் வழி.

கடல். வர்றவங்ககிட்ட வாசல்லயே சொல்லணும்: இந்தக் கரையில குளிக்கக் கூடாது. தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள்ள நீட்டிப் போட்ட தடுப்புப் பாறையை ஒட்டித் தண்ணி வெளியே இழுக்கும், பார்க்கிறதுக்கு அங்கேதான் அலை குறைவாத் தெரியும். பாறையில பாசி, மேல ஏறி செல்ஃபி எடுக்கவும் கூடாது. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுத் தடைக்காலம், அப்போ மீன் விலை வேற. தங்கறவங்களுக்கு மீன் சமைச்சுத் தர்றதா இருந்தா அதைக் கணக்குல வெச்சு விலை சொல்லுங்க. வலை உலர்த்துற மணல்ல காரை ஏத்தக் கூடாது. வண்டி நிறுத்துற இடத்தை ஊர்ப் பெரியவங்ககிட்ட பேசி முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க.

முன்வாசல்ல புல்தரை வேண்டாம். புன்னை, பூவரசு, தாழை வைங்க, உப்புக்காத்தைத் தாங்கும். மணல்ல படர்ற அடும்பைப் பிடுங்காதீங்க, மணலைப் பிடிச்சு வெச்சிருக்கிறது அதுதான். ஜனவரியிலிருந்து மூணு நாலு மாசம் பங்குனி ஆமை முட்டை இடுற காலம். கடலைப் பார்த்த வெள்ளை விளக்கு குஞ்சுங்களை ஊருக்குள்ள இழுக்கும். மஞ்சள் விளக்கு, கீழ் நோக்கி, கடல் பக்கம் மறைப்போட.

எண்ணூர்னா ஆலைகளும் இருக்கு, மறைக்க வேண்டாம். 2023 டிசம்பர் ராத்திரி அமோனியா கசிஞ்சப்போ எல்லாரும் தெருவுக்கு ஓடி வந்தாங்க. அறைக் கதவுக்குப் பின்னாடி ஒரு அட்டை: கண்ணு எரிஞ்சா ஈரத் துணியை மூக்குல கட்டு, காத்து வீசுற திசைக்குக் குறுக்கே போ. அந்த ஒரு அட்டையும் ரெண்டு டார்ச்சும் அறைக்கு அறை இருக்கட்டும்.

#10 · மணலி_சிவில்

#4 படிச்ச பிறகு சுவர் விஷயத்துல என் கருத்தை மாத்திக்கிறேன். விதிமுறை மட்டும் சொல்றேன். எண்ணூரும் கத்திவாக்கமும் மாநகராட்சி 1ஆம் மண்டலம், ஆனா உச்ச அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி சேரும். பழுது பார்க்கலாம். அடித்தளப் பரப்பு கூடக் கூடாது. மாடியில ஒரு ஓலைக் கொட்டகை போட்டு அறையாக்கலாம்னு நினைச்சா அங்கேதான் சிக்கல் வரும். பழைய வரி ரசீது, பத்திரம், வேலைக்கு முன்னாடி நாலு பக்கமும் அளவு நாடா வெச்சு எடுத்த படம், இதெல்லாம் ஒரு கோப்புல வைங்க.

மத்திய சுற்றுலாத் துறையின் வீட்டுத் தங்கல் பதிவுல ஒண்ணிலிருந்து ஆறு அறை வரைக்கும், உரிமையாளர் அங்கேயே குடியிருக்கணும். நீங்க பின்கட்டுல இருக்கிறதால பொருந்தும். வெளிநாட்டவர் தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள குடியேற்றத் துறை இணையதளத்துல பதியணும். மின்கட்டணம் எந்தப் பிரிவுல வரும்னு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துல எழுத்துல வாங்கிக்கோங்க.

#11 · கழிமுகத்துப்பெண்

எல்லாருக்கும் நன்றி. கான்ட்ராக்டரை நிறுத்திட்டேன். தையில வெளிமண், சிமெண்ட் இறக்குறது. மாசி, பங்குனி கூரை. அதுவரைக்கும் சுவர் திறந்து காயும். வைகாசி, ஆனியில பூச்சு. ஐப்பசிக்கு முன்னாடி முடிக்கணும். கடைசியா ரெண்டு கேள்வி. தரைக்கு ஆத்தங்குடி கல்லா, சிவப்பு ஆக்சைடா? திண்ணைச் சுவருக்கு அந்தக் காலத்து இளநீலம் வேணும், எப்படி?

#12 · சுண்ணாம்புக்கரண்டி

கால அளவு சரியா இருக்கும்மா. வைகாசி வெயில்ல பூசும்போது காலை பத்து மணிக்குள்ள வேலையை முடிச்சு, உடனே கோணியைக் கட்டச் சொல்லுங்க.

தரை: ஆக்சைடும் ஆத்தங்குடியும் அடியில ஈரம் இருந்தா வெள்ளை பூக்கும். மேல மணல் தேய்ச்சு ஆறே மாசத்துல நடக்கிற வழி மட்டும் மங்கிப் போகும். கூடத்துக்கும் திண்ணைக்கும் பாலிஷ் போடாத கடப்பா, மணல் படுக்கையில சுண்ணாம்புக் கலவை வெச்சு. ஆத்தங்குடி ஆசைன்னா படுக்கையறை நடுவுல ஒரு பாய் அகலத்துக்குப் போட்டு, ஓரம் கடப்பா வைங்க. கட்டிலைச் சுத்தித்தான் கண்ணு போகும். குளியலறையில மட்டும் சிமெண்ட்டும் டைலும் போடலாம், ஆனா பழைய சுவர் மேல ஒட்டாதீங்க. நாலரை அங்குலத் தனிச்சுவர் கட்டி, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு அங்குலம் காத்து விடுங்க.

நீலத்துக்குச் சட்டைக்குப் போடுற அதே வகை நீலப் பவுடர், அல்ட்ராமரைன், சுண்ணாம்புல நிறம் மாறாது. பெயிண்ட் கடையில கிடைக்கிற வேற நீலம் சிலது சுண்ணாம்புக் காரத்துல வெளுத்துடும். நீத்துச் சலிச்ச சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைச்சு, கொஞ்சம் வச்சிரம் (தச்சர் பயன்படுத்துற பசை) காய்ச்சி ஊத்துங்க. நீலத்தைத் தனியா வெந்நீர்ல கரைச்சுத் துணியில வடிகட்டிச் சேருங்க, கட்டி இருந்தா சுவர்ல கோடு இழுக்கும். சுண்ணாம்பு எடையில நூத்துக்கு அஞ்சுக்கு மேல நீலம் வேண்டாம், அதிகமானா கையில ஒட்டும். வாளியில ஈரமாப் பார்க்கிறப்போ கருநீலமா இருக்கும், பயந்துடாதீங்க. ஒரு செங்கல் மேல அடிச்சு வெயில்ல காயவெச்சுப் பார்த்தா நிஜ நிறம் தெரியும். சுவரை நனைச்சுட்டு, மெல்லிசா நாலு கை, ஒவ்வொரு கைக்கும் நடுவுல ஒரு நாள். மொத்தத்துக்கும் ஒரே தடவையில கரைச்சு வெச்சுக்கோங்க, ரெண்டாவது வாளி நிறம் சேராது.